நரிக்குடி வட்டாரக் கண்மாய்களில் கூதிர்காலப் பறவைகள்

நரிக்குடி, விருதுநகர் மாவட்டம் திருச்சுழி வட்டத்தில் உள்ள ஊர்; ஊராட்சி ஒன்றியத் தலைமையிடமும் ஆகும். மானாமதுரையிலிருந்து விருதுநகர் செல்லும் இருப்புப்பாதையில் திருச்சுழிக்கு முன்னதாக இவ்வூர் வருகிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, கமுதி, முதுகுளத்தூர் என விரியும் வறண்ட நிலப்பரப்பின் ஒரு பகுதி இது. இங்கே வற்றாத ஆறு கிடையாது. குண்டாறு மழைக்காலத்தில் மட்டும் ஓடும். மற்ற மாதங்களில் அது மணலும் முள்ளும்தான். நெல்லுக்கும் ஆடு மாடுகளுக்கும் கண்மாய்த் தண்ணீரே ஆதாரம்.

அதே கண்மாய்களை நம்பி ஐப்பசி முதல் மாசி வரை நீர்ப்பறவைகளும் கூடுகின்றன. நரிக்குடி ஒன்றியத்துக்குள் அரசு அறிவித்த பறவைகள் சரணாலயம் இல்லை. தென்கிழக்கே இராமநாதபுரம் மாவட்டத்தில், முதுகுளத்தூருக்கு அருகில் உள்ள சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் ஆகியவை இவ்வட்டாரத்துக்கு அண்மையில் உள்ள சரணாலயங்கள். இவையும் பாசனக் கண்மாய்களே. சரணாலயம் என்ற பெயர்ப்பலகை உள்ள கண்மாய்க்கும் இல்லாத கண்மாய்க்கும் பறவை வேறுபாடு பார்ப்பதில்லை. தண்ணீரும் மரமும் மீனும் இருக்கின்றனவா என்றே பார்க்கிறது.

இப்பறவைகளைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. கண்மாயில் பெரிய நாரைகளையும் கூழைக்கடாக்களையும் பார்த்ததும் "வெளிநாட்டுப் பறவைகள் வந்துவிட்டன" என்பார்கள். ஆஸ்திரேலியா என்பார் ஒருவர், சைபீரியா என்பார் மற்றொருவர். உண்மையில் கண்மாய் மரங்களில் கூடு கட்டும் பறவைகள் எவையும் வெளிநாட்டைச் சேர்ந்தவை அல்ல. அவை இந்தியாவிலேயே, பெரும்பாலும் தென்னிந்தியாவிலேயே வாழ்நாள் முழுவதையும் கழிப்பவை. இந்த வேறுபாடு தெரியாமல் கண்மாயைப் பாதுகாப்பது எப்படி என்ற பேச்சைத் தொடங்கவே முடியாது.

கூதிர்காலம்

பாடநூல்களில் வரும் 'இலையுதிர்காலம்' குளிர்நாடுகளுக்கு உரிய பருவம். செப்டம்பர் முதல் நவம்பர் வரை அங்கே இலைகள் உதிர, பூச்சிகள் குறைய, பகற்பொழுது சுருங்கும். தமிழ் மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரிக்கிறது. அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். வடக்கே நிலம் வாடத் தொடங்கும் அந்த நாள்களில்தான் முகவை, விருதுநகர் மாவட்டங்களில் நிலம் பச்சை பிடிக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் இருப்பதால் தென்மேற்குப் பருவமழை இவ்வட்டாரத்துக்குக் குறைவாகவே கிடைக்கிறது. ஆண்டு மழை ஏறத்தாழ 800 மி.மீ. அதில் பாதியோ அதற்கு மேலோ அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களில் வடகிழக்குப் பருவமழையாகப் பெய்கிறது. வரத்துக் கால்வாய் வழியாக வரும் தண்ணீர் முதலில் மேல்கண்மாயை நிரப்பும். அது பெருகி மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் போகும். இப்படிச் சங்கிலியாக அமைந்த கண்மாய்களில் மேலே உள்ள ஒன்றின் கால்வாய் தூர்ந்தாலும் கீழே உள்ளவை வெறுமையாகக் கிடக்கும். எந்தக் கண்மாயில் பறவை இறங்கும் என்பதும் இந்த வரிசையைப் பொறுத்ததே.

வலசை வருபவை

வடக்கிலிருந்து வரும் உண்மையான வெளிநாட்டுப் பறவைகளும் இக்காலத்தில் இங்கே உண்டு. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் ஆகிய வாத்துகள் நடு ஆசியாவிலும் சைபீரியாவிலும் கோடையில் குஞ்சு பொரித்துவிட்டு, பனி உறையும் முன் தெற்கே வருகின்றன. பொரி உள்ளான் போன்ற உள்ளான் வகைகளும், மஞ்சள் வாலாட்டியும், தகைவிலான்களும் அப்படியே. வயல்வெளிகளின் மேல் தாழப் பறந்து இரை தேடும் பூனைப்பருந்துகளும் வலசைப் பறவைகளே. சோளமும் கம்பும் பால் பிடிக்கும்போது கூட்டங்கூட்டமாக வந்து இறங்கும் சூறைக்குருவியை இங்குள்ள உழவர்கள் நன்கு அறிவார்கள். அது நடு ஆசியப் புல்வெளிகளிலிருந்து வருவது. அங்கே வெட்டுக்கிளியைத் தின்று உழவனுக்கு நண்பனாக இருக்கும் அதே குருவி, இங்கே கதிரைத் தின்று திட்டு வாங்குகிறது.

இப்பறவைகள் எங்கிருந்து வருகின்றன என்பது ஊகத்தால் சொல்லப்படுவது அன்று. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1960களில் பறவைகளின் காலில் எண் பொறித்த வளையங்களை மாட்டி விடும் பணியைப் பெரிய அளவில் நடத்தியது. ராஜஸ்தானின் பரத்பூரில் வளையமிடப்பட்ட வாத்துகள் அன்றைய சோவியத் ஒன்றியத்தில் கிடைத்தன. வேதாரண்யம் அருகே கோடியக்கரையிலும் இதே கழகம் பல்லாண்டுகளாக வளையமிட்டு வந்தது. வடதுருவத்தை ஒட்டிய பகுதிகளிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை செல்லும் இந்தப் பாதை மத்திய ஆசியப் பறவை வழி எனப்படுகிறது.

இந்தப் பறவைகள் இங்கே கூடு கட்டுவதில்லை. இரை தின்று, இறகு மாற்றி, உடலில் கொழுப்புச் சேர்த்துக்கொண்டு பங்குனி, சித்திரையில் வடக்கே திரும்புகின்றன. மாணவர்கள் எளிதில் நினைவில் வைத்துக்கொள்ளத் தக்க அடையாளம் இது: இங்குள்ள கண்மாயில் கூடு கட்டி முட்டையிட்டிருந்தால் அது வலசை வந்த வெளிநாட்டுப் பறவை அன்று.

பெயர்க்குழப்பமும் இங்கே சேர்ந்துகொள்கிறது. 'செங்கால் நாரை' என்ற பெயரைக் கேட்டதும் பலருக்கும் சத்திமுத்தப் புலவரின் தனிப்பாடல் நினைவுக்கு வரும். அதில் வரும் நாரை, குமரிவரை வந்து வடக்கே திரும்புவது. அதன் அலகு பிளந்த பனங்கிழங்குக்கு ஒப்பிடப்பட்டுள்ளது. அது ஐரோப்பாவிலும் நடு ஆசியாவிலும் கூடு கட்டும், அலகும் காலும் சிவந்த வெண்ணாரை என்று பறவை ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். கண்மாய்களில் நாம் மிகுதியாகக் காண்பதோ மஞ்சள் மூக்கு நாரை. சங்குவளை நாரை என்றும் இதைச் சொல்வர். இதன் காலும் இளஞ்சிவப்பாக இருப்பதால் இதையும் செங்கால் நாரை என்றே பலர் அழைக்கின்றனர். பாடலில் உள்ள வலசை, பெயரின் வழியாக உள்ளூர்ப் பறவையின் மீது ஏறிவிட்டது போலும்.

கூடு கட்டுபவை

மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, வெள்ளை அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், சாம்பல் நாரை, இராக்கொக்கு, பாம்புத்தாரா, நீர்க்காகங்கள், வெண்கொக்குகள் ஆகியவை இங்கே கூடு கட்டுபவை. இவை ஆண்டுதோறும் ஒரே தேதியில் வருவதில்லை. மழையைத் தொடர்ந்து இடம் மாறுகின்றன. மஞ்சள் மூக்கு நாரையையே எடுத்துக்கொள்ளலாம். தென்மேற்குப் பருவமழை பெறும் பரத்பூரில் அது ஆகஸ்ட், செப்டம்பரில் கூடு கட்டுகிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பிய இராமநாதபுரத்தில் அதே இனம் கண்மாய் பெருகிய பின் நவம்பர், டிசம்பரில் கட்டுகிறது. பறவையின் நாள்காட்டி மழைதான்.

ஒவ்வொன்றும் இரை தேடும் முறை வேறு. மஞ்சள் மூக்கு நாரை ஆழமற்ற நீரில் நின்று, பாதி திறந்த அலகை அமிழ்த்தி இருபுறமும் துழாவும். மீன் அலகில் பட்ட கணத்தில் அது மூடிக்கொள்ளும். கலங்கிய கண்மாய் நீரில் கண் உதவாது, தொடு உணர்வே உதவும். கரண்டிவாயனும் இவ்வாறே அலகை வீசித் துழாவுகிறது. நத்தைகுத்தி நாரையின் மூடிய அலகின் நடுவே இடைவெளி தெரியும். வயல்களிலும் கண்மாய் ஓரத்திலும் உள்ள நத்தையை ஓட்டிலிருந்து எடுத்துத் தின்பதில் அது தேர்ந்தது. நெற்பயிர் உள்ள இடத்தில் இது உழவர்க்கு உதவியே. கூழைக்கடா அலகின் அடியில் உள்ள பையால் தண்ணீரோடு மீனை அள்ளி, நீரை வடித்துவிட்டு விழுங்கும். பல கூழைக்கடாக்கள் வரிசை கட்டி மீனை ஓரத்துக்கு ஒதுக்குவதும் உண்டு. பாம்புத்தாரா நீருக்குள் மூழ்கி ஈட்டி போன்ற அலகால் மீனைக் குத்தும். அதன் இறகில் நீர் ஊறிவிடும் என்பதால், கரையேறியதும் சிறகை விரித்து வெயிலில் காயவைக்கும்.

ஆகவே ஒரே கண்மாயில் பல ஆழங்கள் வேண்டும். கரையோரத்துச் சேறு உள்ளானுக்கு. முழங்கால் அளவு நீர் நாரைக்கு. நடுக்கண்மாய் நீர்க்காகத்துக்கும் கூழைக்கடாவுக்கும். கண்மாய் விளிம்பு வரை பெருகி நிற்கும் நாள்களில் உள்ளான்கள் அரிதாகவே தெரியும். தை, மாசியில் தண்ணீர் வற்றி ஓரம் சேறாகும்போது அவை வரும். ஐப்பசியில் வந்து பார்த்தவர் "உள்ளானே இல்லை" என்பதும், மாசியில் வந்தவர் "உள்ளான்தான் இருக்கிறது" என்பதும் இதனால்தான்.

தண்ணீர்க் கணக்கு

கூட்டுக்குத் தேவைப்படும் நாள்களைக் கணக்கிட்டால் இப்பறவைகளின் நிலைமை விளங்கும். மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்ட எடுக்கும் நாள்கள் ஒருபுறம் இருக்க, அடைகாக்கச் சுமார் ஒரு மாதம் ஆகும். குஞ்சு பறக்கத் தேற மேலும் இரண்டு மாதங்களுக்குக் குறையாது. கூழைக்கடாவின் குஞ்சுக்கு இன்னும் கூடுதலாகும். கார்த்திகை நடுவில் முட்டையிட்டால் மாசி வரை கண்மாயில் தண்ணீர் நிற்க வேண்டும். மழை பிந்தி, மார்கழியில் முட்டையிட்டால் பங்குனி வரை.

தண்ணீர் இரண்டு வகையில் குஞ்சைக் காக்கிறது. ஒன்று, இரை, வளரும் குஞ்சுகளுக்கு நாள்தோறும் மீன் வேண்டும். மற்றொன்று, காவல். கூடுள்ள மரத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் வரை நாயோ நரியோ காட்டுப்பூனையோ எளிதில் நெருங்க முடியாது. தண்ணீர் வடிந்து மரத்தடி காய்ந்துவிட்டால், கீழே தவறி விழும் குஞ்சு தப்பாது.

சம்பா நெல்லின் காலமும் ஏறக்குறைய இதுவே. கதிர் முற்றும்வரை உழவருக்கும் தண்ணீர் வேண்டும். நல்ல கண்மாயில் இரண்டுக்கும் போட்டி வராது. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே உள்ள நீர் வயலுக்குப் பாயாது. அது கண்மாய்க்குள்ளேயே நிற்கும். அறுவடைக்குப் பின் கால்நடைகளுக்கும் மீனுக்கும் பறவைக்கும் மிஞ்சும் பங்கு அதுதான். கண்மாய் தூர்ந்து வண்டல் மேடிட்டால் முதலில் காணாமல் போவதும் இந்தப் பங்குதான். மடை வழியே பாயும் நீர் முடிந்த மறுவாரமே கண்மாய் வெடித்துக் கிடக்கும். குஞ்சோ இன்னும் பறக்கத் தொடங்கியிராது.

மீன்பாசிக் குத்தகையும் இந்த நேரத்தில்தான் குறுக்கிடுகிறது. தண்ணீர் குறையக் குறைய மீன் பிடிப்பது எளிது. ஆகவே குத்தகை எடுத்தவர் எஞ்சிய நீரையும் வடித்து ஒரேயடியாக வலை போட விரும்புவார். அவர் பணம் கட்டியவர். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. குத்தகை விதிகளிலேயே, கூடு உள்ள கண்மாயில் குஞ்சு பறக்கும்வரை நீரை வடிக்கக் கூடாது என்று எழுதிவிடுவதே நேரான வழி.

2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. அதுபோன்ற ஆண்டில் கண்மாய் பெருகாது. பெருகாத கண்மாயில் நாரை கூடு கட்டாது. வளர்ந்த பறவை வேறு நீர்நிலை தேடிப் பறந்துவிடும். அதைவிடக் கொடியது, மழை தொடங்கிப் பாதியில் நின்றுபோகும் ஆண்டு. நம்பி முட்டையிட்ட பின் தண்ணீர் வற்றினால் பெற்றோர் கூட்டைக் கைவிடுகின்றன.

கருவேலமும் சீமைக் கருவேலமும்

கண்மாய்க்குள் நிற்கும் மரங்கள் பெரும்பாலும் நாட்டுக் கருவேலம். நீரில் மாதக்கணக்கில் நின்றாலும் அழுகாது. முள் இருப்பதால் கூட்டுக்கும் காவல். 1980களில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தின் கீழ் கண்மாய் உள்வாயில்களில் கருவேலம் பெருமளவில் நடப்பட்டது. விறகுக்காகவும் ஊராட்சி வருமானத்துக்காகவும் நட்ட அம்மரங்களில் பறவைகள் குடியேறின. பெரிய பறவைகளான நாரையும் கூழைக்கடாவும் பெரும்பாலும் மர உச்சியிலும், நீர்க்காகமும் இராக்கொக்கும் கீழ்க்கிளைகளிலும் கூடு அமைக்கின்றன.

சீமைக் கருவேலம் அமெரிக்கக் கண்டத்துத் தாவரம். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. இன்று வரத்துக் கால்வாய்களையும் கண்மாய்களையும் அடைத்து நிற்கிறது. 2017இல் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இதை அகற்ற உத்தரவிட்டதும் மாவட்டமெங்கும் வெட்டும் பணி வேகமெடுத்தது. கால்வாயில் உள்ளதை அகற்றுவதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆனால் நாட்டு மரம் இல்லாத கண்மாய்களில் கொக்கும் நீர்க்காகமும் சீமைக் கருவேலத்திலேயே கூடு கட்டியிருப்பதைக் காணலாம். அங்கே ஒரே நாளில் பொக்லைன் விட்டு எல்லாவற்றையும் பெயர்த்தால் அடுத்த ஐப்பசியில் பறவைக்கு உட்கார இடம் இருக்காது. பகுதி பகுதியாக அகற்றி, அவ்விடத்தில் நாட்டுக் கருவேலமும் நீர்க்கடம்பும் நட்டு வளர்ப்பதே முறை. வெட்டும் வேலையைக் கோடையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தூர்வாருவதிலும் இதே எச்சரிக்கை தேவை. 2017 முதல் குடிமராமத்து என்ற பழைய பெயரில் அரசு கண்மாய்களைச் சீரமைத்தது நல்ல பணி. வண்டலைப் பரவலாக எடுத்தால் கண்மாய் ஆழமாகும். மண் விற்பதற்காக ஓரிடத்தில் செங்குத்தாகக் குழி வெட்டினால் அது கண்மாய்க்குள் ஒரு கிணறுதான். நாரை அதில் நிற்க முடியாது, மாடும் சிறுவரும் தவறி விழும் அபாயம் வேறு.

அருகில் உள்ள சரணாலயங்கள்

சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 1989இல் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டன. 2022 ஆகஸ்டில் இரண்டும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. ராம்சார் என்பது ஈரானில் உள்ள ஒரு நகரம். உலகின் ஈரநிலங்களைக் காக்க 1971இல் அங்கே கையெழுத்தான உடன்படிக்கைக்கு அந்நகரின் பெயரே நிலைத்துவிட்டது. இராமநாதபுரம் மாவட்டத்தின் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்களும் 2025இல் இப்பட்டியலில் இடம்பெற்றன. மேலச்செல்வனூர் - கீழச்செல்வனூர் சரணாலயமும் இதே மாவட்டத்தில் உள்ளது.

வடக்கே சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூர் செல்லும் வழியில் வேட்டங்குடி சரணாலயம் 1977இல் அமைந்தது. பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்ன கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஆகிய மூன்று கண்மாய்கள் சேர்ந்தது இது. தீபாவளி வருவது பறவைகள் கூடும் அதே ஐப்பசியில். வெடிச்சத்தத்தில் பறவைகள் கலைந்துவிடும் என்பதால் கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பல ஆண்டுகளாகப் பட்டாசு வெடிப்பதில்லை. வனத்துறையினர் தீபாவளிக்கு அவர்களுக்கு இனிப்பு வழங்குவது வழக்கம். ஆண்டுக்கொரு நாள் வரும் பட்டாசை ஒரு சிறுவன் விட்டுக்கொடுப்பது சிறிய செய்தி அன்று.

திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் மஞ்சள் மூக்கு நாரைகள் ஊருக்குள், வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. திபெத்து, மங்கோலியப் பீடபூமிகளில் குஞ்சு பொரிக்கும் பட்டைத்தலை வாத்துகளும் அங்கே வந்து தங்குகின்றன. உள்ளூர்ப் பறவை மரத்தில், வலசைப் பறவை நீரில் என இருவகையையும் ஒரே ஊரில் பார்க்க விரும்பும் மாணவர்களுக்கு ஏற்ற இடம் அது.

ஊரார் பறவையைக் காப்பதில் பயனும் உண்டு. கூடுள்ள மரங்களின் கீழ் விழும் எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுதி. அந்த நீர் பாயும் வயலுக்கு உரச்செலவு குறையும். செங்கற்பட்டு மாவட்டம் வேடந்தாங்கல் மக்கள் இதை அறிந்து, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பறவைகளைச் சுடத் தடை கேட்டுப் பெற்றனர்.

கவனிப்பதும் பதிவதும்

காலை ஆறு முதல் ஒன்பது மணி வரையும், மாலை நான்குக்குப் பிறகும் பார்க்க உகந்த நேரம். கரையின் மேல் நின்றே பார்க்க வேண்டும். உள்வாயிலில் இறங்கிக் கூட்டை நெருங்கினால் பெற்றோர் எழுந்து பறக்கும். அந்தச் சில நிமிட வெயிலே இறகு முளைக்காத குஞ்சைக் கொன்றுவிடக் கூடும். நண்பகலில் நாரை தன் சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழலாக நிற்பதைத் தொலைநோக்கியில் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அழுக்குப் பழுப்பு நிறத்தில் திரியும் நாரைகளைக் கண்டால் அவை வேறு இனம் என்று எழுதிவிடக் கூடாது. இளஞ்சிவப்புச் சாயல் இன்னும் ஏறாத, முதலாண்டு மஞ்சள் மூக்கு நாரைகள் அவை.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் சனவரியில் நடைபெறுகிறது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. இபேர்ட் இணையதளத்தில் பட்டியலைப் பதிந்து யாரும் இதில் பங்கேற்கலாம். சரணாலயங்களைப் பற்றிய பதிவுகள் ஓரளவு சேர்ந்துவிடும். நரிக்குடி, திருச்சுழி பகுதிச் சிறு கண்மாய்களை அந்தந்த ஊர் மாணவர்கள்தான் பதிய முடியும். பறவையின் பெயரும் எண்ணிக்கையும் மட்டும் போதாது. கண்மாய் பெருகிய தேதி, முதல் கூட்டைக் கண்ட தேதி, மடையில் நீர் நின்ற தேதி, கடைசிக் குஞ்சு பறந்த தேதி ஆகிய நான்கையும் ஒரே நோட்டில் ஆண்டுதோறும் எழுதி வந்தால், ஒரு கண்மாயில் எத்தனை நாள் தண்ணீர் குறைகிறது என்பதை ஊராட்சிக் கூட்டத்தில் எண்ணோடு சொல்ல முடியும்.